உள்மூலை

பொதுமகன் ஒருவரிடமிருந்து கடிதம் கிடைத்தால், அது கிடைத்த செய்தியை முதலில் அவருக்கு அறிவிக்க வேண்டும். இறுதிப் பதில் தாமதமாகுமானால் இடைக்காலப் பதில் ஒன்றை அனுப்ப வேண்டும். இறுதிப் பதில் கேட்ட கேள்விக்கு உரியதாக இருக்க வேண்டும். கேட்காத கேள்விக்கு உரியதாக இருக்கக்கூடாது.

இதுதான் விதி. சிங்களத்தில் வந்த சுற்றறிக்கையை எங்கள் கந்தோருக்காகத் தமிழில் எழுதியவன் நான். கடைசி வாக்கியத்தின் பின்பாதி மூலத்தில் இல்லை. அனுபவத்தின் பேரில் நானாகச் சேர்த்துக்கொண்டது. நான் ஓய்வு பெறும்வரை எவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. விதிகளைக் காட்டுகிறவர்கள் அவற்றைப் படிப்பதில்லை என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்பட்டதில்லை.

இந்த விதி பொருந்தியிருக்க வேண்டிய ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய அடையாள அட்டையில் அது ஒரு விதமாகவும், இடம்பெயர்ந்தோர் பதிவில் இன்னொரு விதமாகவும், மரணச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. எதைச் சொன்னாலும் ஏதோ ஒரு கந்தோர் அது பிழை என்று சொல்லும். அவர் குடியிருந்த கனமூலையில் எல்லோருக்கும் அவர் தையல்கார நானா. தையலை விட்டுப் பல வருடங்கள் ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. நான் உடப்புக்காரன். ஓய்வுக்குப் பிறகு மதுரங்குளிச் சந்திக்குப் பக்கத்தில் வீடு கட்டினேன். அவர் தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்தவர். தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றி, சாரத்தில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அதன் மேசையும் கால்களும் அங்கேயே நின்றுவிட்டன. அவை இன்னும் நிற்கின்றனவா என்று போய்ப் பார்க்க வேண்டும் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்.

போய்ப் பார்ப்பதுதான் அவர். மற்றப் பழக்கங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. தன் கையால் செய்து கொடுத்த பொருள் தன்னை விட்டுப் போய்விட்டது என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அதன் பின்னாலேயே போவார்.

ஒரு திருமணத்தில் நான் கண்ணால் கண்டேன். நிக்காஹ் சபை நடந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்கப் போகிறார்கள். இவர் பின்வரிசையிலிருந்து எழுந்து, தலைகளுக்கு மேலாக எட்டி, மாப்பிள்ளையின் கொலர் மூலையை விரலால் நீவிவிட்டு, "இப்ப கேளுங்க" என்றார். சட்டை அவர் தைத்தது. எனக்கும் ஒரு சட்டை தைத்தார், என் பிரியாவிடை விழாவுக்கு. விழா முடிந்து மூன்று வாரத்தின் பின் ஒரு காலை வாசலில் நிற்கிறார்.

"சேர், அந்தச் சட்டைய ஒருக்காக் காட்டுங்க."

"ஏன் நானா? நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இரிக்கெண்டு உடுத்தவர் செல்லுவார். தைச்சவன் பாக்கணும்."

பார்த்தார். கத்தரிக்கோலின் நுனியைக் கொலருக்குள் விட்டு மூலையை வெளியே தள்ளினார். "மூலை கூரா இரிக்கணும் சேர். மூலை மழுங்கினா அது சட்டை இல்ல, சாக்கு."

தைத்த சட்டையை விட்டு ஆட்கள் கடைச் சட்டைக்கு மாறிய பிறகு, புத்தளத்தில் பழைய ஜப்பான் சாமான் விற்கும் இடத்தில் ஒரு சிறிய லேத் மெஷினை வாங்கி வந்தார். மேசைமேல் வைக்கக்கூடியது. ஒரு கிடாயின் எடை இருக்கும். துணி வெட்டும் மேசையில் அதை ஏற்றினார். பக்கத்தில் பொருளை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், தாங்கியில் பூட்டிய கைத் துளைகருவி, மூன்று அரம், ஒரு வாள். சட்டைப் பையில் கத்தரிக்கோல் இருந்த இடத்துக்கு அளவுமானி வந்தது. தொழிலைக் கற்றது மகளின் கைபேசியில், எவனோ ஒருவன் இந்தியில் பேசும் காணொளிகளைப் பார்த்து. இவருக்கு இந்தி தெரியாது. "கையத்தானே சேர் பாக்கணும், வாயையா?" என்பார்.

அலுமினியத்தை மட்டும்தான் தொட்டார். ஏன் என்று கேட்டேன்.

"இரும்பு பிடிவாதம் சேர். அலுமினியம் துணி மாதிரி. செல்லுறதக் கேக்கும்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா மனசில வெச்சிக்கும்."

அலுமினியத்தை அராவினால் தூள் அரத்தின் பல்லுக்குள் அடைத்துக்கொள்ளும்; பிறகு அது பொருளைக் கீறும். அதைத் தடுக்கச் சுண்ணக்கட்டி தேய்ப்பார்கள். இவர் தையல்காரர் கோடு போடும் நீலக்கட்டியைத் தேய்த்தார். அதனால் அவர் கையிலிருந்து புதிதாக வரும் சாமானின் துளைகளிலும் இடுக்குகளிலும் மெல்லிய நீலம் இருக்கும். கடையும்போது சொட்டு மண்ணெண்ணெய் விடுவார். வீட்டின் முன் அறையில் இந்த வாசமும் உள்ளே அவர் மனைவி சுடும் ரொட்டியின் வாசமும் எல்லையில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்.

சட்டைக்குப் பின்னால் போனவர் இப்போது சாமானுக்குப் பின்னால் போனார். கண்டக்குழிக் கடலில் காற்றாடிச் சறுக்கு விளையாட வந்த ஒரு வெள்ளைக்காரனுக்குச் சிறிய கப்பி ஒன்று செய்து கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அதைப் பார்க்கப் போனால், அவன் கப்பியோடு ஊருக்குப் போய்விட்டான். என்னிடம் வந்தார். அந்த நாட்டுக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். "பிழையா இரிந்தா?" என்பதுதான் அவருடைய ஒரே வாதம். எழுதிக் கொடுத்தேன். அந்த மனிதன் ஒரே வாரத்தில் கப்பியைப் படம் எடுத்து அனுப்பினான். அரச சேவையில் இருந்தவனில்லை போலும்.

பிறகு இறக்குமதி நின்ற காலம் வந்தது. மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, பாணுக்கு வரிசை. படகு இயந்திரங்களுக்கு உதிரிப்பாகமும் இல்லை. கற்பிட்டிப் பக்கத்துச் சிறிய படகுகளில் இயந்திரம் பின்னால் தொங்கும். அதில் நீண்டிருக்கும் கைபிடியைத் திருப்பித்தான் படகை ஓட்டுவார்கள். கைபிடியையும் இயந்திரத்தையும் இணைப்பது முழங்கை போல் மடிந்த ஓர் அலுமினியத் தாங்கி. உப்பும் அதிர்வும் அதைத் தின்றுவிடும். கடைகளில் அது கிடைக்காமல் போனபோது ஒருவர் உடைந்த தாங்கியோடு கனமூலைக்கு வந்தார். இவர் தடித்த அலுமினியத் தகட்டிலிருந்து அதேபோல் ஒன்று வெட்டிக் கொடுத்தார். பிறகு பலர் வந்தார்கள். மின்சாரம் வரும் மணித்தியாலங்களில் துளை போட்டார். வராத மணித்தியாலங்களில் அராவினார். மொத்தம் பதினொரு தாங்கிகள்.

அந்தப் பதினொன்றையும் நான் வைஸில் பார்த்திருக்கிறேன். மடிப்பின் உட்பக்க மூலையை முக்கோண அரத்தால் கூராக எடுத்திருப்பார். கத்தி நுனி போய் உட்காரும். கம்பனிச் சாமானில் அந்த மூலை மழுங்கலாக, வளைவாக இருந்தது. அதை வார்ப்புக்காரனின் சோம்பல் என்று நினைத்தார். நானும் பாராட்டினேன். பாராட்ட விதி தடையாக இல்லை.

அவருக்கு விஷயம் விளங்கியது என்னால்தான். என் சைக்கிளின் பிரேக் கைபிடி உடைந்து, அதற்கும் ஒன்று செய்து தந்திருந்தார். ஒரு மழைநாள் சந்தியில் அதை இறுக்கிப் பிடித்தேன். அது கையோடு வந்தது. நான் சேற்றோடு போனேன். சந்திக் கடையில் நின்ற அவர் ஓடி வந்து முதலில் தூக்கியது என்னையல்ல, இரண்டு துண்டுகளையும்தான். உடைந்த முகங்களைச் சேர்த்துப் பார்த்தார், பிரித்துப் பார்த்தார். வெடிப்பு உள்மூலையில் தொடங்கி வெளியே வந்திருந்தது.

"என்ட பிழை," என்றார்.

"நான் பலமாப் பிடிச்சிட்டன் நானா."

"இல்ல சேர். துணியிலயும் இப்பிடித்தான். உள்மூலையில கூரா வெட்டுப் போட்டா அங்கிருந்துதான் கிழியும். அதுக்குத்தான் அந்த இடத்த வளைச்சித் தைக்கிற. முப்பது வருசமா எனக்குத் தெரிஞ்ச விசயம்." சேறு படிந்த துண்டைச் சாரத்தில் துடைத்தார். "மெஷினுக்கு முன்னால நிண்டதும் நான் வேற ஆளெண்டு நெனச்சிட்டன்."

அன்றே தாங்கிகளுக்குப் பின்னால் போகத் தொடங்கினார். உள்மூலை வளைந்த புதிய தாங்கிகளைச் செய்து பையில் போட்டுக்கொண்டு, பாலாவிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கற்பிட்டிக்கு இன்னொரு பஸ். படகுகளில் ஏறிப் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "நல்லா இருக்கிற சாமான உடைஞ்ச சாமான் எண்டுறீங்களே, உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டு அவரை இறக்கிவிட்டார். மறுவாரம் அதே படகுக்குப் போய், ஆள் இல்லாத நேரம் பார்த்து மாற்றிவிட்டு வந்தார். திருட்டுத்தனமாகத் திருத்தம் செய்தவரென்று நான் அறிந்தது அவர் ஒருவரைத்தான்.

பத்து தாங்கிகள் வீட்டுக்குத் திரும்பின. பதினோராவது, கண்டக்குழியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பையனுடைய படகில் இருந்தது. பையன் என்றால் முப்பது வயது, ஒரு குழந்தை. பருவம் மாறியதால் அவன் படகை லொறியில் ஏற்றிக்கொண்டு மனைவியின் தம்பியோடு முல்லைத்தீவுக் கரையில் வாடி போட்டுத் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்தான். இவர் தொலைபேசியில் கூப்பிட்டார். என் முன்னால்தான்.

"தம்பி, அதக் கழட்டி வைங்க. கடலுக்குப் போகாதீங்க."

"கடலுக்குப் போகாம வாடியில என்ன நானா, சீட்டா விளையாடுற?" அவன் சிரித்தது எனக்கும் கேட்டது. "பயப்பிடாதீங்க. உங்கட சாமானுக்கு முந்தி என்ட கைதான் உடையும்."

மூன்று முறை கூப்பிட்டார். பருவம் முடிந்து ஒரு மாலை அவனே கூப்பிட்டான். "வந்திட்டன் நானா. நாளைக்கு வாங்க. மச்சான் நீர்கொழும்பில கொம்பனிச் சாமான் ஒண்டும் எடுத்திருக்கான். ஏலுமெண்டா இண்டைக்கே அதப் பூட்டுறன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் இவர் போனார். பையில் புதிய தாங்கி இருந்தது. கண்டக்குழியில் இறங்கியபோது கரையில் ஆட்கள் கூடி நின்றார்கள். மீன் பாடு நல்லதென்று பையன் விடியுமுன் கடலுக்குப் போயிருந்தான். அலையில் திரும்பும்போது கைபிடி கையோடு வந்துவிட்டது. படகு குறுக்கே விழுந்து கவிழ்ந்தது. மச்சான் எண்ணெய்க் கலனைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தான். பையனைக் கடல் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் தந்தது.

கவிழ்ந்த படகையும் அதில் தொங்கிய இயந்திரத்தையும் உத்தியோகத்தர்கள் முத்திரையிட்டு விசாரணைக்கென்று கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். இவர் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதற்குக் காவல் போட்டிருந்தார்கள். "ஒரு நிமிசம் பாக்க விடுங்க" என்று கேட்டிருக்கிறார். விடவில்லை, விடாதது சரியான நடைமுறை. மச்சானிடம் கேட்டார். முதல்நாள் இரவு அத்தான் விளக்கோடு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஏதோ செய்துகொண்டிருந்ததைக் கண்டானாம். எந்தத் தாங்கி பூட்டப்பட்டது என்று அவனுக்குத் தெரியாது.

எனவே கேள்வி ஒன்றுதான். உடைந்தது கம்பனியின் தாங்கியா, இவருடையதா? இவருடையதென்றால், உடைந்தது உள்மூலையிலா? ஒரு வரியில் பதில் எழுதலாம். இவருக்குக் காட்டினால் வரிகூடத் தேவையில்லை.

அன்று பின்னேரம் பஸ்ஸால் இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தார். பையைக் கதிரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"சேர், ஒரு கடிதம் எழுதணும். அதச் செஞ்சவன் நான்தான் எண்டு முதல் வரியிலயே எழுதுங்க."

நான் முப்பத்தைந்து வருடம் கடிதம் எழுதியவன். தன் பிழையைத் தானே எழுத்தில் கொடுப்பவன் முட்டாள் என்பது அந்த முப்பத்தைந்து வருடத்தின் சாரம். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்திக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. வழக்கு வந்தால் யார் பார்ப்பது? அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். 'மேற்படி விபத்துடன் தொடர்புடைய உதிரிப்பாகத்தின் தன்மை குறித்து அறிய விரும்புகிறேன்' என்று எழுதினேன். அழகான வாக்கியம். யார், ஏன் என்ற இரண்டும் அதில் இல்லை. அவர் வாசித்தார்.

"நான்தான் எண்டது இல்லையே சேர்?"

"பதில் வந்தபிறகு எழுதலாம் நானா. முதலில் கேட்போம்."

என்னை நம்பினார். கையொப்பமிட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

பதில் வரவில்லை. கிடைத்ததென்ற அறிவித்தலும் வரவில்லை. இடைக்காலப் பதிலும் வரவில்லை. இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன், அதே அழகான வாக்கியத்தோடு.

இதற்கிடையில் அவர் பள்ளிவாசல் மௌலவியிடம் போனார். திரும்பி வந்து எனக்கு விளக்கினார். நோக்கமில்லாமல் ஒருவரின் உயிர் தன்னால் போனால் இரண்டு கடமை. ஒன்று அந்தக் குடும்பத்துக்கு நட்டஈடு. அதை அவர்கள் விரும்பினால் மன்னிக்கலாம். மற்றது இடைவிடாமல் இரண்டு மாத நோன்பு. அதை மன்னிக்க எவருக்கும் உரிமையில்லை. நடுவில் ஒருநாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"தன்னால்தான் போனதென்று தெரிந்தால்தானே?" என்று கேட்டேன்.

"ஓம். தெரியாட்டிக் கடமை இல்லையாம்."

"அப்ப விடுங்கோ நானா. உங்களுக்குச் சீனி வருத்தம். தெரியாதுதானே."

"தெரியாம இரிக்கிறது என்ட பிழை இல்ல சேர். தெரியட்டும் எண்டு சும்மா இரிக்கிறதுதான் பிழை."

மார்கழியில் நோன்பைத் தொடங்கினார். நோன்போடு லேத்துக்கு முன்னால் நின்றார், ஆனால் எதையும் கடையவில்லை. திரும்பி வந்த பத்து தாங்கிகளையும் ஒவ்வொன்றாக வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைத்தார். எட்டு தாங்கிகள் உள்மூலையில் உடைந்தன. இரண்டு உடையவேயில்லை. அந்த இரண்டையும் மேசையில் வைத்து மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு எதிராகவும் ஆதரவாகவும் கிடைத்த சாட்சிகள் அவ்வளவுதான்.

இருபத்துமூன்றாம் நாள் முன் அறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறந்ததும் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார், நோன்பு முறிந்துவிட்டது. டொக்டர் ஏசினார். மனைவி அழுதார். இவர் இரண்டு பேரையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ரமழான் வந்தது, அந்த முப்பதையும் பிடித்தார். பெருநாளுக்கு மறுநாள் தொடங்கினால், நோன்பு பிடிக்கக் கூடாத ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் அறுபதும் முடியும் என்று, துணி போதுமா என்று அளப்பவர்போல நாட்காட்டியில் விரல் வைத்து அளந்தார். தொடங்கினார்.

பையனின் வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. எதற்கும் பின்னால் போகிறவர், அங்கே போகவில்லை. இரண்டு முறை கண்டக்குழி பஸ்ஸில் ஏறி, இறங்காமலே அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். "என்ன செல்லிப் போற சேர்? வருத்தம் விசாரிக்க வந்தனெண்டா? மன்னிப்புக் கேக்க வந்தனெண்டா? ரெண்டும் ஒரே முகத்தோட போற காரியமா?"

அந்த இரண்டாம் நோன்பின் முப்பதாம் நாள் அளவில் நான் கொழும்புக்குப் போனேன். அந்தத் திணைக்களத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. உள்ளே ஓர் இலிகிதர், நல்ல பெண், நான் பழைய ஆள் என்று தெரிந்ததும் கோப்பைத் தேடி எடுத்துத் தந்தார். எங்கள் மூன்று கடிதங்களும் ஒழுங்காகக் கோக்கப்பட்டிருந்தன. முதற்கடிதத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'எழுதியவர் சம்பவத்துடன் தொடர்பற்றவர். பதில் அவசியமில்லை.'

அந்தக் குறிப்பில் ஒரு பிழையும் இல்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். தொடர்பை வெட்டி எடுத்தவன் நான்.

"இவர் யார், ஏன் கேக்கிறார் எண்டு ஒரு வரி எழுதியிருந்தா போதுமே ஐயா," என்றார் அந்தப் பெண், நல்ல தமிழில்.

திரும்பி வந்து அவரிடம் சொன்னேன். முன் அறையில் பாயில் சாய்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பிழை என்னுடையது என்று நேராகச் சொன்னேன். உத்தியோகத்தில் ஒருநாளும் சொல்லாத வாக்கியம். வாயில் அது பொருத்தமில்லாமல் உட்கார்ந்தது.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க மழுக்கினது நல்லதுக்குத்தான் சேர்," என்றார். "ஆனா அது மழுக்கிற இடம் இல்ல."

அன்றே புதிய கடிதம் ஒன்றை எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஒரு சொல்லும் மாற்றாமல். 'அந்தத் தாங்கியைச் செய்தவன் நான். உள்மூலையைக் கூராக அராவியது என் பிழை. உடைந்தது அதுதானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.' தாங்கியின் படத்தைத் தன் கையாலேயே வரைந்து அளவுகளைக் குறித்தார். துளைக்குள் நீலம் இருக்கும் என்றும் எழுதச் சொன்னார். கோட்டை அழித்து அழித்து நான்கு முறை வரைந்தார்.

நாற்பத்தோராம் நாள் நோன்பு திறந்தார். பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்தார், மஃரிப் தொழுதார், படுத்தார். மறுநாள் விடியுமுன் சஹர் உணவுக்கு மனைவி எழுப்பியபோது எழும்பவில்லை. கனமூலைப் பள்ளிவாசலில் அடக்கம் செய்தார்கள். மையித்தைத் தூக்கும்போது ஒருவர் என் காதுக்குள், "மனுசன் வீணாப் பட்டினி கிடந்து போயிட்டார் சேர்," என்றார். கொழும்பிலிருந்து பதில் இன்னும் வரவில்லை, அதுதானே பிரச்சினை.

பிறகு கடிதம் வந்தது. அவருடைய பெயருக்கு, நான்காவது விதமாக எழுதப்பட்ட பெயருக்கு. மூத்த மகளின் கணவர் பிரிக்காமலே அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, மாமி வரச் சொல்கிறார் என்றார். போனேன். நானாவின் மனைவி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் காலம் அது. நான் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தேன். கதவில் திரை. திரைக்குப் பின்னால் அவரும் இரண்டு மகள்மாரும் இருந்தார்கள்.

கடிதம் சிங்களத்தில் இருந்தது. அந்த வீட்டில் எவருக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது. மருமகனுக்குப் பேச மட்டும் வரும். இதை நான் கடிதத்தைப் பிரித்த அடுத்த கணமே நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மௌனமாக ஒருமுறை வாசித்தேன். இயந்திரத்திலிருந்த தாங்கி, அனுப்பப்பட்ட படத்தின் அளவுகளோடு ஒத்துப்போகிறது. துளையில் நீலநிறத் தூள் காணப்பட்டது. முறிவு உள்மூலையில் தொடங்கியிருக்கிறது. படகின் சாமான் பெட்டியில் கம்பனித் தாங்கி ஒன்று, பொதி பிரிக்கப்படாத நிலையில் இருந்தது. உற்பத்தியாளர் பதிவு செய்யப்பட்டவர் அல்லர் என்பதால் மேலதிக நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

'நிச்சயமாகக் கூற முடியவில்லை' என்று நான் மொழிபெயர்த்தால் போதும். என் மொழிபெயர்ப்பை எவரும் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

"சேர்," என்றார் நானாவின் மனைவி, திரைக்குப் பின்னாலிருந்து. "நீங்க யோசிக்கிறது விளங்குது. நேரச் செல்லுங்க. அவர்ட சாமானா?"

"ஓம் ராத்தா."

"எங்க உடைஞ்சிருக்கி?"

"உள்மூலையில."

இளைய மகள் அழத் தொடங்கினாள். தாய் அவளை அடக்கவில்லை. பிறகு ஒரு நீண்ட மூச்சு கேட்டது. சுமை தூக்கி வந்தவர் அதை இறக்கும்போது விடும் மூச்சு.

"அப்ப அவர் வீணாப் பட்டினி கிடக்கல்ல," என்றார். "கடன்தான் அடைச்சிருக்கார்."

நான் கடிதத்தை மடித்தேன்.

"மௌலவிட்ட கேட்டு வெச்சன் சேர். அவர்ட கடமை எண்டு தெரிஞ்சா, அவர் விட்ட இடத்திலிருந்து மிச்சத்த நாங்க பிடிக்கலாமாம். எத்தின மிச்சம்?"

"பத்தொன்பது."

"இத்தா முடிஞ்சதும் அந்தப் புள்ளட வீட்டுக்கும் போகணும். நானே போறன். நீங்க வரத் தேவல்ல." குரல் உள்ளே திரும்பியது. "மகள், கண்ணத் தொடைங்க. அரிசி ஊறப் போடுங்க. நாளைக்கு சஹருக்கு எழும்பணும்."

மருமகன் கடிதத்தை வாங்கிக்கொண்டார். வெளியே வந்தேன். தலவில தேவாலயப் பெருநாளிலிருந்து திரும்பும் பஸ்கள் பெரிய தெருவில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பதில் கிடைத்த திகதி: ஆகஸ்ட் மாதம், தலவிலப் பெருநாள் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை.